சிவன் தூங்கிப்போன வருஷம்

2025 மார்ச் 17, திங்கள்

லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்தேன் என்பது கௌரவத்துக்காக எழுதுவது. வாங்கிக்கொண்டார்கள்.

காரணம் போன வியாழக்கிழமை நடந்த காமன் கூத்து. பதினெட்டு வருஷமாக எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூத்தில் சிவன் நான்தான். சிவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. புலித்தோல் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தவத்தில் இருக்க வேண்டும். காமன் வந்து கரும்பு வில்லால் பூ அம்பு விடுவான். அம்பு பட்டதும் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிக்க வேண்டும். இந்த வருஷம் முதல் அம்பு என் நெஞ்சில் பட்டது. நான் அசையவில்லை. இரண்டாவது அம்பும் பட்டது. அசையவில்லை. ஆகா, என்ன தவம் என்று சனம் கும்பிட்டதாம். அப்புறம் மைக் என் குறட்டையைப் பிடித்துவிட்டது.

தப்பு அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். காமன் வேஷம் போட்ட கஜேந்திரன் கிட்டே வந்து வில்லால் என்னைக் குத்தி, "அண்ணே, எரிங்கண்ணே, ஆளுக பாக்குது" என்றான். கண்ணைத் திறந்தேன். திறந்ததும் சிவபெருமான் பேசிய வசனம்: "பிளேன்டீ வந்துருச்சா?" அதுவும் மைக்கில் போனது. புருஷன் எரிந்த துக்கத்தில் ஒப்பாரி வைக்க வேண்டிய ரதி, சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இது கூத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆபிஸில் பெரிய கிளாக்கருக்கு ஞாபகசக்தி அதிகம். போன மாசம் நான் ஓட்டிய கொழுந்து லொறி றோட்டோரக் கானுக்குள் முன் சில்லை இறக்கிக்கொண்டு நின்றதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பனிமூட்டம் என்று நான் சொல்லியிருந்தேன். பனிமூட்டம் இருந்தது. கொஞ்சம்.

மேனேஜர் துரை கூப்பிட்டார். நம்ம துரை பண்டாரவளைப் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார். "லிங்கம், பொம்பளைங்களையும் ஏத்திக்கிட்டுத்தானே வளைவுல எறங்குறீங்க? டொக்டர் கிட்ட காட்டி, ஓட்டலாம்னு துண்டு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கஜேந்திரன் ஓட்டட்டும்."

அம்பு விட்டவனே வண்டியையும் எடுத்துக்கொண்டான். அவனை ஒழுங்காக எரித்திருக்க வேண்டும்.

மார்ச் 18

இன்று முதல் எனக்குக் கொழுந்து மடுவத்தில் வேலை. பெண்கள் மலையிலிருந்து கொண்டுவரும் கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டுவது, இறக்குவது. என் மனைவி வடிவம்மாவும் கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய மூட்டையையும் நான்தான் நிறுத்தேன். என்னைப் பார்க்காத மாதிரி நின்றுவிட்டு, போகும்போது, "தராசுல சாஞ்சு தூங்கிறாதீங்க, அதையும் என் கணக்குல எழுதிருவாங்க" என்றாள்.

மத்தியானம் சாக்கின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 3

பதுளையில் தூக்கப் பரீட்சை. தலையில், நெஞ்சில், விரலில் எல்லாம் வயர் ஒட்டி, இப்போது தூங்குங்கள் என்றார்கள். படிக்காமல் போய் பாஸாகக்கூடிய ஒரே பரீட்சை. கையை அசைத்தால் ஒரு வயர் கழன்றது, காலை அசைத்தால் இன்னொன்று. ஆனாலும் தூங்கினேன். என் திறமை அப்படி.

ஏப்ரல் 22

முடிவு வந்தது. டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். நான் தூங்கும்போது தொண்டை உள்ளுக்குள்ளேயே மடிந்து அடைத்துக்கொள்கிறதாம். மூச்சு நின்றுவிடுகிறதாம். உடம்பு பயந்து என்னை எழுப்புகிறது, எனக்கு எழுந்தது தெரிவதில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பது தடவைக்கு மேல். அப்படியென்றால் நான் ராத்திரி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்துவிட்டு, காலையில் போய் லொறி ஓட்டியிருக்கிறேன். பகலில் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

வடிவம்மா ஆச்சரியப்படவில்லை. தெரிந்த செய்தியை ரேடியோவில் கேட்கிறவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மருந்து கிடையாது. ஒரு மெஷின் இருக்கிறதாம். அது குழாய் வழியாகக் காற்றை அடிக்கும், மூக்கில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும், தொண்டை மடியாது. தினமும் போட்டுத் தூங்கிப் பகல் தூக்கம் போனால்தான் துண்டு எழுதித் தருவாராம். மாட்டினால் லொறி. மாட்டாவிட்டால் தராசு. அவ்வளவுதான் விஷயம்.

மே 11, ஞாயிறு

மெஷின் வந்துவிட்டது. மகன் இந்திரஜித் கட்டாரில் ஹோட்டல் வேலையில் இருக்கிறான். அங்கே வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளி கையில் கொடுத்துவிட்டான். நேற்று அதைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே நளீரா என்று ஒரு பிள்ளை. காற்றின் அளவை வைத்து, மாட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தது. அங்கே உட்கார்ந்து மாட்டியபோது ஒன்றும் தெரியவில்லை.

ராத்திரி தெரிந்தது. அப்புத்தளைக் காற்றை ஒரு குழாயில் பிடித்து என் மூக்குக்குள் விட்ட மாதிரி இருந்தது. வடிவம்மாவிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை, காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. கன்னம் உப்பிவிட்டது. நாலு பட்டி தலையைச் சுற்றி, மூக்கிலிருந்து நீளமாக ஒரு குழாய். கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை வருஷம் சிவனாக இருந்தவனைப் பிள்ளையாராக இறக்கிவிட்டார்கள்.

வடிவம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன்.

மே 12

கழற்றிவிட்டேன்.

மே 13

கழற்றிவிட்டேன். கழற்றுவதற்கு முன்னால் திட்டினேன்.

மே 14

மழை. கரண்ட் போய்விட்டது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மே 17

கண் இன்னும் எரிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாயால் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் அது சூடாகி, காற்று ஈரமாக வரும். எனக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. சுடுதண்ணீர், ஆவி, மூக்கு. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். இது ஆவி பிடிக்கிற சட்டிதானே, வெள்ளைக்காரன் வயர் வைத்துச் செய்திருக்கிறான், அவ்வளவுதான். எங்கள் மலையில் மூக்கடைத்தால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். போத்தலில் இருந்த யூகலிப்டஸ் எண்ணெயை அதில் விட்டேன். இரண்டு சொட்டு விடத்தான் நினைத்தேன். போத்தல் வாய் பெரிது.

சட்டியில் ஆவி பிடித்தால் தாங்காதபோது தலையைத் தூக்கிவிடலாம். இந்த மெஷின் தேடி வந்து மூக்குக்குள் அடிக்கிறது. மூளை வரைக்கும் போனது. பட்டியை எந்தப் பக்கம் இழுத்தால் கழலும் என்பது மறந்துபோய், குழாயோடு வாசலுக்கு ஓடினேன். மெஷினும் கூடவே வந்தது. வடிவம்மா அதைக் கீழே விழாமல் பிடித்தாள். என்னைப் பிடிக்கவில்லை.

மே 24, சனி

கிளினிக். நளீரா தொட்டியைத் திறந்து மோந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி மோந்து பார்த்தது.

"அங்கிள், இதுக்குள்ள தண்ணி மட்டுந்தான் ஊத்தணும். கொதிச்சு ஆறின தண்ணி. வேற ஒண்டும் வேணாம்."

"மூக்கடைப்பா இருந்துச்சும்மா."

"அதுக்கு எங்களுக்கிட்டச் சொல்லணும். நல்ல வேளை, நெஞ்சுல ஒண்டும் ஆகல்ல."

புதுத் தொட்டி மாற்றிக் கொடுத்தது. அப்புறம் மாஸ்க்கை மாட்டச் சொல்லிவிட்டு, என் மேல் உதட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தது. காற்று அந்த இடத்தில் கசிகிறதாம். அதனால்தான் கண்ணில் காற்றடிக்கிறது, அதனால்தான் இரைச்சல், அதனால்தான் தூக்கம் பிடிக்கவில்லை. மாஸ்க் தோலோடு ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு தடை இருக்கிறது.

"மீசையக் கொஞ்சம் எடுத்துப் பாருங்களே, அங்கிள்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். முழுக்க என்றது.

மே 25

இருபது வயதில் வைத்த மீசை. கல்யாணப் படத்தில் இருப்பது, லைசன்ஸில் இருப்பது. லுணுகலைச் சந்தியில் லொறியை நிறுத்தி இறங்கினால் முதலில் இறங்குவது அதுதான், பிறகுதான் நான். ஒரு மெஷினுக்காக அதை எடுப்பதா?

மாட்டினால் லொறி.

எடுத்துவிட்டேன். மேல் உதடு எனக்கு இவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரியும். வடிவம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒங்க தங்கச்சி மாதிரி இருக்கீங்க" என்றாள்.

மே 26, திங்கள்

இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

எங்கள் ஆட்களில் ஒருவன் மீசையை எடுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். காலையில் பெரட்டுக் களத்துப் பக்கமாக நடந்து போனேன். வேலைக்குப் பேர் போட நின்ற சனம் முழுக்கப் பேச்சை நிறுத்தியது. பொன்னையா கங்காணி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"எப்படாப்பா ஆச்சு?"

"நேத்துத்தான் கங்காணி. காலையில." நான் மீசையைச் சொன்னேன்.

"கஷ்டப்படாமப் போச்சா?"

"கொஞ்சம் வலிச்சுச்சு. பிளேடு பழசு."

அவர் கையை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அதற்குள் எனக்கு விளங்கியது. விளங்கி நான் வாயைத் திறப்பதற்குள் செய்தி மூன்று லயத்து வீடுகளுக்கும் போய்விட்டது. என் அம்மா ஹல்துமுல்லையில் தம்பி வீட்டில் இருக்கிறாள், எண்பது வயது தாண்டியவள். செத்தது அவள்தான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். பத்து மணிக்கு மரண உதவிச் சங்கத்தார் கதிரைகளோடு வந்துவிட்டார்கள். றோட்டு முனையில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி ஏறிவிட்டது. கட்டியவன் கஜேந்திரன். கயிறு என் லொறியில் இருந்த கயிறு.

பதினொரு மணிக்கு அம்மாவே போன் பண்ணினாள்.

"ஏன்டா, நான் போய்ட்டேனாமே. எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

"மெஷினுக்காக மீசைய எடுத்தேம்மா."

"எந்த மெஷினுக்குடா மீச முட்டுது?"

வந்த கதிரைகளைச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாது என்று வடிவம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். உட்கார்ந்து குடித்தார்கள். மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார்கள். காட்டினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராக மூக்கை வைத்துக் காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். பொன்னையா கங்காணி இரண்டு தடவை.

ஜூன் 3

இன்று விடிவதற்கு முன் சுவருக்கு மேலாக ஒரு குரல். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"சத்தத்தக் காணோம். ஆளு போயிட்டியோன்னு பாத்தேன்."

விஷயம் என்னவென்றால், நேற்று ராத்திரி மாட்டினேன், காலையில் கழற்றினேன். நடுவில் ஒன்றும் ஞாபகம் இல்லை. மீசை போனது வீண் போகவில்லை. எழுந்தபோது தலை கனக்கவில்லை. இப்படியும் ஒரு காலை இருக்கிறதா? மற்ற ஆட்கள் எல்லாம் தினமும் இப்படித்தான் எழுந்துகொண்டிருந்தார்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே.

ஜூன் 12

சண்டை.

இரண்டு நாளாகத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. மாஸ்க் போட்டால் முகம் முழுக்க நெரிக்கிறது. நேற்று ராத்திரி மூக்குத் தண்டில் தோல் உரிந்துவிட்டது. கழற்றிப் போட்டுவிட்டு, இனிமேல் வாரத்தில் நாலு நாள் போட்டால் போதும் என்றேன். டொக்டர் என்ன வந்து பார்க்கப்போகிறாரா, துண்டு கிடைத்த பிறகு பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடலாம் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

விடிந்து பார்த்தால் வடிவம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுக்கவே இல்லை. கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது.

என்ன இது, போய்ப் படுக்க வேண்டியதுதானே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"எங்க படுக்கிறது? ஒங்களுக்கு மூச்சு நிக்கிது. நின்னா நானும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு கெடக்கேன். வருமா வராதான்னு. வந்தப்பறந்தான் நான் விடுவேன். மறுபடி நிக்கும். டொக்டர் நாப்பதுன்னு சொன்னாரே, அத எண்ணினது அந்த மெஷினு இல்ல. இந்திரஜித் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து எண்ணிக்கிட்டு இருக்கிறது நான். ஒங்களுக்கு லொறி கெடச்சாப் போதும். எனக்கு?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கிட்டு கெடந்தேன். இவ ஒக்காந்து காவல் இருந்திருக்கா. ராத்திரி முழுக்க முழிச்சிட்டு, காலையில மலை ஏறி கொழுந்து எடுத்து, வந்து சமைச்சு... என்ன பொம்பள இவ. லொறியில தூங்கினவன் நான், அதுக்கு ஆபிஸ்ல விசாரணை. தூங்காத இவளப் பத்தி ஒருத்தனும் கேக்கல. நானும் கேக்கல.

மடுவத்தில் அவள் மூட்டையை நிறுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 13

உரிந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டு மாட்டினேன்.

ஜூன் 29

தினமும் மாட்டுகிறேன். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், சண்டை போடுவதை நிறுத்திக்கொண்டோம், நானும் அதுவும். மடுவத்தில் இப்போது தூக்கம் வருவதில்லை. அதனால் ஒரு கஷ்டம், பெரிய கிளாக்கர் சொல்லும் பழைய கதைகளை முழுசாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு. படுத்துக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டேன். இந்த லயத்தில் குறட்டை விடுகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. மாரியாயி அக்கா விசில் மாதிரி விடுகிறாள். அந்தக் கோடியில் கஜேந்திரன் மண்வெட்டியைக் கல்லில் தேய்க்கிறான். இத்தனை பேருடைய மானத்தையும் என் ஒரு ஆள் சத்தம்தான் மூடி வைத்திருந்திருக்கிறது. நன்றி சொன்னவர் யாருமில்லை.

வடிவம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. நான் தூங்கியதும் கையை என் நெஞ்சில் வைத்துப் பார்க்கிறாள். ஏறி இறங்குகிறதா என்று. மெஷின் பார்த்துக்கொள்ளும், நீ படு என்றேன்.

"கரண்ட்டு போனா அது பாக்குமா?" என்றாள்.



ஜூலை 15

டொக்டர் துண்டு எழுதித் தந்துவிட்டார். தினமும் போட வேண்டும், விட்டால் மறுபடி தராசுதான் என்று வடிவம்மாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. ஆளைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறார்.

ஜூலை 18

கஜேந்திரன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவன் கும்பிடாத குறை.

"எடுத்துக்கங்கண்ணே. இந்த எறக்கத்துல பின்னால பொம்பளைங்க பாட்டுப் படிச்சிக்கிட்டு வருதுக, நான் பிரேக்குல இருந்து கால எடுக்கவே இல்ல. எப்புடித்தான் ஓட்டினீங்களோ, அதுவும் தூங்கிக்கிட்டு."

அடுத்த வருஷமும் சிவன் நீங்கதான் என்றும் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சிவனுக்கு மீசை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கேட்டு வைக்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

லொறியில் முதல் நாள்.

எழுந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டுப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை. இந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் அடுப்பு எரியாத காலை கிடையாது. பயந்துபோய்த் திரும்பினேன்.

வடிவம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கை என் நெஞ்சில் இல்லை, அவள் கன்னத்துக்கு அடியில் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எச்சில் வடிந்து தலையணை நனைந்திருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் இவள் தூங்கும் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

தேத்தண்ணி ஊற்றினேன். அவளுக்கும் ஊற்றித் தலைமாட்டில் வைத்தேன். ஆறிவிட்டது. பெரட்டுக்குச் சங்கு ஊதியது. பேறுகாலத்தைத் தவிர அவள் பெரட்டுக்குப் பிந்தியது கிடையாது. இப்போது எழுப்பினால் ஓடிப் போய்ச் சேர்ந்துவிடுவாள். எழுப்பலாமா? சங்குக்கு அவள் புரண்டு மற்றப் பக்கம் படுத்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

களத்தில் பொன்னையா கங்காணி பேர் போட்டுக்கொண்டிருந்தார்.

"வடிவு எங்க? சொகமில்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. தூங்குது."

"தூங்குதா?" கங்காணி பென்சிலை நிறுத்தினார். "இன்னைக்குப் பேர் கெடைக்காதேப்பா, நாள் சம்பளம் போயிரும்."

"கெடைக்காட்டி இருக்கட்டும் கங்காணி."

பெண்கள் லொறியில் ஏறிக்கொண்டே சிரித்தார்கள். மாரியாயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தூங்கட்டும், தூங்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினாள்.

ஸ்டேரிங்கைப் பிடித்தேன். எல்லா வளைவுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பத்து மணிக்கு முதல் லோட் கொழுந்தோடு பெக்டரிக்குப் போனேன். எங்கள் லயத்துக்கு நேர் கீழே குருட்டு வளைவு. அங்கே நீளமாக ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அது சட்டம். மேலே அண்ணாந்து பார்த்தேன். கதவு நான் சாத்தியபடியே இருந்தது. லொறியை நிறுத்தி, கொழுந்து ஏற்ற வந்த பையனை முன்னால் நடந்து போய் றோட்டைப் பார்க்கச் சொன்னேன். அவன் எதிரே ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டினான்.

முதல் கியரில், சத்தமில்லாமல் திருப்பினேன்.